முதியோர் வாலில் ஒரு 'எஸ்': ஆங்கிலத்தில் ஒரு கூட்டத்தாரைக் குறிப்பிடுவது எப்படி?

2024 தீபாவளிக்குச் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு தேநீர் விருந்து வைத்தோம். அறிவிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழில் 'முதியோர் அனைவரும் வருக' என்று எழுதிவிட்டு, அதன் கீழே ஆங்கிலத்தில் 'ஆல் எல்டர்லீஸ் ஆர் வெல்கம்' என்று தட்டி, மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மறுநாள் காலை பார்த்தால், 'எல்டர்லீஸ்' என்பதன் கடைசி எழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். யார் போட்டது என்று விசாரிக்கத் தேவையே இல்லை. ஏழாவது மாடியில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எங்கள் புளோக்கில் எல்லோருக்கும் அவர் 'சார்'.

மாலையில் கோப்பிக்கடையில் பிடித்துக்கொண்டார். "மேல தமிழ்ல முதியோர்னு சரியாத்தானே எழுதியிருக்க? முதியோர்கள்னு எழுதலையே. கீழ மட்டும் ஏன் தம்பி வால் ஒட்டுற?"

அந்த ஒரு கேள்வியில் பாதி இலக்கணம் வந்துவிட்டது. 'முது' என்பது பண்பு. அதோடு 'ஓர்' சேர்ந்தால் அந்தப் பண்பு உள்ள மனிதர்கள் எல்லோரும் என்று பொருள். பன்மை அதற்குள்ளேயே இருக்கிறது, 'கள்' தேவையில்லை. ஆங்கிலத்தில் 'ஓர்' செய்யும் வேலையை முன்னால் வரும் 'தி' செய்கிறது. 'எல்டர்லி' என்பது வெறும் பண்புச்சொல். 'தி' போட்டவுடன் 'தி எல்டர்லி', அதாவது முதியோர். 'தி ரிச்', 'தி புவர்', 'தி சிக்', 'தி அன்எம்ப்ளாய்ட்' எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. பன்மைக்கு 'எஸ்' கிடையாது, ஆனால் வினை பன்மையில்தான் வரும்: 'தி எல்டர்லி ஆர்', ஒருபோதும் 'இஸ்' அல்ல.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தமிழில் 'முதியோர்' பன்மை, 'முதியவர்' ஒருவர் என்று இறங்கி வர முடியும். ஆங்கிலத்தில் அந்தப் படிக்கட்டு இல்லை. 'ஆன் எல்டர்லி' என்று நிறுத்தினால் வாக்கியம் ஒற்றைக்காலில் நிற்கும்; 'ஆன் எல்டர்லி மேன்', 'ஆன் எல்டர்லி ரெசிடென்ட்' என்று பின்னால் ஓர் ஆளை வைக்க வேண்டும். நீதிமன்றச் செய்திகளில் வரும் 'தி அக்யூஸ்ட்' போன்ற சில சொற்கள் மட்டும் விதிவிலக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவரானாலும் பத்துப் பேரானாலும் அதே சொல்தான்.

இலக்கணம் அவ்வளவுதான். இதற்குமேல் வருவதுதான் சிக்கலானது.

'தி' போட்டால், பல்லாயிரம் பேர் ஒரே உருண்டையாகிவிடுகிறார்கள். காலையில் எழுந்து தைச்சி உடற்பயிற்சி செய்கிறவரும், படுக்கையில் கிடக்கிறவரும், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தேக்கா சந்தைக்குப் போகிறவரும் 'தி எல்டர்லி' என்ற ஒரே மூட்டைக்குள். 'தி புவர்', 'தி டிசேபிள்ட்' என்று சொல்லும்போது இது இன்னும் உறுத்தும். அதனால்தான் இப்போது பலரும் 'ஓல்டர் பீப்பிள்', 'சீனியர்ஸ்' என்று எழுதுகிறார்கள். 'பீப்பிள்' என்ற சொல் உள்ளே வந்தாலே ஆட்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறார்கள் என்பது அதன் நியாயம்.

பழைய அச்சு நம் ஊர் அமைப்புகளின் பெயர்களில் இன்னும் இருக்கிறது. 'சிங்கப்பூர் அசோசியேஷன் ஃபார் தி டெஃப்' ஓர் எடுத்துக்காட்டு. பெயர் மாறிய கதைகளும் உண்டு. அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்காக இயங்கும், இன்று 'மைண்ட்ஸ்' என்று நாம் அறிந்த அமைப்பு 1962ல் தொடங்கப்பட்டபோது அதன் பெயரில் 'ரிடார்டட் சில்ட்ரன்' என்ற சொற்கள் இருந்தன. அன்றைக்கு அது மருத்துவர்கள் புழங்கிய சாதாரணச் சொல். யாரையும் திட்டுவதற்காக வைத்ததல்ல. பிறகு பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்ட அதை எடுத்துக்கொண்டார்கள், சொல் கெட்டது. இன்று அதை ஒரு பெயர்ப்பலகையில் நினைத்துப் பார்க்கவே முடியாது.

'தி'க்கு மாற்றாக வந்த அச்சு 'வித்' என்ற சொல்லைச் சுற்றியது. ஐக்கிய நாடுகள் மன்றம் 2006ல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் பெயரிலேயே 'பெர்சன்ஸ் வித் டிசபிலிட்டீஸ்' என்று இருக்கிறது. சிங்கப்பூர் 2013ல் அதை உறுதிசெய்தது. முதலில் மனிதர், பிறகுதான் குறை என்பது இதன் வரிசை. தமிழுக்கு இது புதிதல்ல. நம் செய்திகளில் வரும் 'உடற்குறையுள்ளோர்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: உடற்குறை, உள்ளோர். அந்த 'உள்ளோர்' செய்வது 'வித்' செய்யும் அதே வேலை. ஒரு வித்தியாசம், தமிழில் குறை முன்னால் வந்து மனிதர் பின்னால் வருகிறார். அதற்காகத் தமிழ் மரியாதைக் குறைவான மொழி என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நம் வாக்கியமே வாலில்தான் முடிச்சுப் போடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'வித்' எப்போதும் மரியாதை, 'தி' எப்போதும் அவமரியாதை என்று மனப்பாடம் செய்யாதீர்கள். சைகைமொழி பேசும் காதுகேளாதோர் பலர் 'டெஃப் பீப்பிள்' என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள், அதுவும் பெரிய 'டி' போட்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது என்பதால் அந்த நுணுக்கத்தை இங்கே காட்ட எனக்கு வழியில்லை. தங்களுக்கென மொழியும் வாழ்க்கைமுறையும் இருக்கும்போது அதைக் 'குறையோடு கூடியவர்' என்று ஏன் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஆட்டிசம் உள்ள பலரும் 'ஆட்டிஸ்டிக் பீப்பிள்' என்பதையே விரும்புகிறார்கள். எதிரில் இருப்பவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்று காதுகொடுத்துக் கேட்பதுதான் வழி. அதற்கு விதி தேவையில்லை.

சரி, இனமும் நாடும். இங்கே 'எஸ்' திரும்ப வருகிறது. 'சிங்கப்பூரியன்ஸ்', 'மலேசியன்ஸ்', 'இந்தியன்ஸ்', 'பங்களாதேஷீஸ்', 'மலாய்ஸ்', 'டமில்ஸ்' எல்லாவற்றுக்கும் 'எஸ்' உண்டு. 'சைனீஸ்', 'ஜாப்பனீஸ்', 'வியட்நாமீஸ்' மூன்றுக்கும் கிடையாது. 'பிரிட்டிஷ்', 'பிரெஞ்ச்' இரண்டுக்கும் 'தி' இல்லாமல் மக்கள் என்ற பொருளே வராது.

'சைனீஸ்' ஏற்கெனவே 'எஸ்' ஓசையில் முடிவதால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலத்திலேயே 'சைனீஸஸ்' என்று பன்மை எழுதியிருக்கிறார்கள். பிறகு தலைகீழாக, வாலில் இருப்பதே பன்மை 'எஸ்' என்று நினைத்து அதைக் கத்தரித்து, ஒருவரைக் குறிக்க 'சைனீ' என்று ஆக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அது சீனக் குடியேறிகளை இளக்காரமாகப் பேசும் சொல்லாகிவிட்டது. ஓர் எழுத்தைத் தப்பாகக் கணக்குப் பார்த்ததில் பிறந்த வசைச்சொல்! இன்றும் 'எ சைனீஸ்' என்று தனியாக நிறுத்துவது வெளிநாட்டு ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். நம் ஊரில் அது சாதாரணம், ஆனால் எழுத்தில் 'எ சைனீஸ் மேன்', 'எ சைனீஸ் நெய்பர்' என்று போடுவது பாதுகாப்பு.

அப்புறம் 'இந்தியன்'. உலகத்தில் பல இடங்களில் அது நாட்டைக் குறிக்கும். சிங்கப்பூரில் அது இனத்தைக் குறிக்கும் ஒரு பெட்டி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் 9.0 விழுக்காட்டினர் அந்தப் பெட்டியில் இருந்தார்கள். தமிழர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி மட்டுமல்ல. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் வம்சாவளியினரும் அதற்குள்தான். 'ஆர் யூ இந்தியன்?' என்று சாங்கி விமான நிலையத்தில் நம்மூர் ஆள் கேட்டால் 'யெஸ்' (ஆம்) என்கிறோம். அதே கேள்வியைச் சென்னை விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் 'நோ, சிங்கப்பூரியன்' என்று கடப்பிதழை நீட்டுகிறோம். இரண்டு பதிலும் உண்மை.

ஆங்கிலத்தில் இரண்டு சொல் சேர்ந்தால் பின்னால் நிற்பதுதான் முதலாளி. 'சிங்கப்பூர் இந்தியன்' என்றால் அடிப்படையில் இந்தியர், எந்த ஊர் இந்தியர் என்றால் சிங்கப்பூர். 'இந்தியன் சிங்கப்பூரியன்' என்றால் அடிப்படையில் சிங்கப்பூரர். மேடையில் பேசுகிறவர் எதைப் பின்னால் வைக்கிறார் என்று கவனித்தால் அவர் எதை அழுத்துகிறார் என்று பிடிபடும். வேடிக்கை என்னவென்றால், நம் அடையாள அட்டை இதற்கு நேரெதிர். 2011 ஜனவரியிலிருந்து கலப்பினப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு 'சைனீஸ்-இந்தியன்', 'இந்தியன்-சைனீஸ்' என்று இரட்டை இனம் பதியலாம். 1989ல் வந்த வீவக (அரசு வீடுகள் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இன ஒருங்கிணைப்புக் கொள்கைக்கு, அதாவது புளோக்குகளில் இனவாரியாக வீட்டு வரம்பு வைக்கும் விதிக்கு, அந்த இரட்டைப் பெயரில் முன்னால் வருவதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆங்கில இலக்கணம் வாலைப் பார்க்கும், வீவக தலையைப் பார்க்கும்.

கூட்டத்தையே குறிக்கும் பெயர்ச்சொற்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 'ஸ்டாஃப்' என்றாலே ஊழியர்கள் எல்லோரும். கடைக்கதவில் 'ஸ்டாஃப்ஸ் ஒன்லி' என்று பார்த்தால் சார் பேனாவைத் தேடுவார். 'போலீஸ்' எப்போதும் பன்மை வினை. 'கமிட்டி', 'டீம்', 'ஃபேமிலி' இவற்றுக்கு பிரிட்டிஷ் பழக்கத்தில் 'இஸ்', 'ஆர்' இரண்டும் நடக்கும். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'இஸ்'. 'பெர்சன்ஸ்' என்பது சட்டத்துக்கும் மின்தூக்கிப் பலகைக்கும் உரிய சொல், பேச்சில் 'பீப்பிள்' போதும்.

ஆனால் 'குரூப்', 'கிரவுட்', 'மாப்', 'கேங்' என்ற வரிசையில் கொஞ்சம் நிற்க வேண்டும். நான்கும் பலர் சேர்ந்திருப்பதைத்தான் சொல்கின்றன. ஆனால் 'மாப்' என்ற உடனே கையில் கல் இருக்கிறது. தமிழில் 'கூட்டம்' என்பதற்கும் 'கும்பல்' என்பதற்கும் உள்ள அதே தூரம். 'கேங்' முன்பு இப்படி இல்லை, ஒரு மேஸ்திரிக்குக் கீழே சேர்ந்து வேலை செய்யும் ஆட்கள் என்றுதான் பொருள். இந்திய ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்ப்பவரை 'கேங்மேன்' என்றது அந்தப் பொருளில்தான். இங்கே ரகசியக் கும்பல்களின் வாடை அதில் ஏறிவிட்டது.

நான் ஒருமுறை நன்றாகச் சறுக்கியது இந்த இடத்தில். தைப்பூசம் பற்றி ஒரு சின்னக் குறிப்பை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போகும் காட்சி. தமிழில் 'மக்கள் வெள்ளத்தில் வீதி நிரம்பியது' என்று இருந்தது. 'எ ஃப்ளட் ஆஃப் பீப்பிள்' என்று போட்டேன். படித்த சீனத் தோழி, "ஏதாவது அசம்பாவிதமா?" என்று கேட்டாள். நமக்கு மக்கள் வெள்ளம் என்பது மகிழ்ச்சி. கூட்டம் அலைமோதினால்தான் திருவிழா. ஆங்கிலத்தில் மனிதர்களைத் தண்ணீராகச் சொன்னால் பெரும்பாலும் பயம்தான் தெரியும். 'ஃப்ளட் ஆஃப் மைக்ரண்ட்ஸ்', 'இன்ஃப்ளக்ஸ் ஆஃப் ஃபாரினர்ஸ்' எல்லாம் அணை உடையப்போகிறது என்ற தொனியில் வருபவை. தமிழில் அந்த வேலைக்கு நாம் தண்ணீரைக் கூப்பிடுவதில்லை, படையைக் கூப்பிடுகிறோம். ஆனால் சனிக்கிழமை ஜோகூருக்குப் பெட்ரோல் போடவும் சாப்பிடவும் போகிறவர்களையும் 'படையெடுத்தனர்' என்றே எழுதுவதால், அதில் பாதி காரம் போய்விட்டது.

அடைமொழியும் ஆளைப் பிரிக்கும். 'ஃபாரின் டேலன்ட்', 'ஃபாரின் வொர்க்கர்' இரண்டிலும் முதல் சொல் ஒன்று. ஒருவர் நிதி நிறுவனங்கள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேசில் இறங்குகிறார், மற்றவர் லாரியின் பின்பக்கத்திலிருந்து இறங்குகிறார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எந்தச் சொல் யாருக்கு என்று நமக்குத் தெரிகிறது.

இனி வருவது இந்த அச்சுகளிலேயே மிகவும் வழுக்கலானது, ஏனென்றால் அதில் எந்தச் சொல்லும் தப்பாக இருக்காது. 'மஸ்கிட்டோஸ் ஸ்ப்ரெட் டெங்கி' என்ற வாக்கியம் உண்மைதானே? உண்மைதான் என்று எல்லோரும் தலையாட்டுவோம். ஆனால் டெங்கியைப் பரப்புவது ஏடிஸ் வகைக் கொசு. அதிலும் பெண் கொசு மட்டுமே கடிக்கும். அந்தப் பெண் கொசுவும் டெங்கி வந்தவரைக் கடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஊரில் உள்ள எல்லாக் கொசுக்களையும் பிடித்து எண்ணினால் நோய் பரப்புபவை ஒரு சொட்டுகூடத் தேறாது. ஆனாலும் வாக்கியம் பொய்யென்று நமக்குத் தோன்றுவதில்லை.

காரணம், 'மஸ்கிட்டோஸ்' என்ற வெறும் பன்மை. முன்னால் 'ஆல்' இல்லை, 'மோஸ்ட்' இல்லை, 'சம்' இல்லை. எத்தனை என்று அது சொல்லவே இல்லை. கேட்பவர் மனம் 'எல்லாம்' என்று நிரப்பிக்கொள்கிறது. ஆபத்தான விஷயமென்றால் இன்னும் சுலபமாக நிரப்பிக்கொள்ளும். கொசுவுக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் ஓர் இனத்தின் பெயரையோ ஒரு நாட்டுக்காரரின் பெயரையோ வைத்து, பின்னால் 'ஆர் லேஸி', 'ஆர் டர்ட்டி' என்று போட்டுப் பாருங்கள். சொன்னவரைப் பிடித்துக் கேட்டால், "நான் எல்லோரையும் சொல்லலையே" என்று நழுவிவிடலாம். அதற்கு இடம் வைத்துத்தான் அந்த அச்சு அமைந்திருக்கிறது. என் பழக்கம் இது: யாராவது அப்படிச் சொன்னால் மனதுக்குள் 'ஆல்' போட்டுப் படிப்பேன், பிறகு 'சம்' போட்டுப் படிப்பேன். முதலாவது பொய்யாகவும் இரண்டாவது எந்த இனத்துக்கும் பொருந்துவதாகவும் இருந்தால், அந்த வாக்கியத்தில் சரக்கு இல்லை.

'யூ பீப்பிள்' இதற்கு அண்ணன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நீங்கள்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. 1992ல் அமெரிக்க அதிபர் தேர்தல் களத்தில் இருந்த ராஸ் பெரோ, கறுப்பின மக்களின் உரிமை அமைப்பு ஒன்றின் மாநாட்டில் பேசும்போது அவர்களை 'யூ பீப்பிள்' என்று சொல்லப்போய் பெரிய சங்கடமாகிவிட்டது. நீங்கள் வேறு, நான் வேறு என்று நடுவில் கோடு கிழிக்கும் சொல் அது. தமிழில் இதற்கு இணையான சொல்லைத் தேடி அலைய வேண்டாம். 'எல்லாம்' இருக்கிறது. "நீயெல்லாம்", "இவங்கெல்லாம்" என்று ஆரம்பித்தாலே வாக்கியம் எங்கே போய் முடியும் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். சிங்கப்பூர் ஆங்கிலத்தின் 'யூ ஆல்' மட்டும் பாவம், அதில் விஷமில்லை. சாப்பிட்டாயிற்றா என்று கேட்கவும் அதுதான்.

இந்தக் கோட்டை அழிக்கும் அச்சும் ஆங்கிலத்தில் உண்டு. பள்ளிக்குப் போன எல்லோருக்கும் அது மனப்பாடம்: 'வீ, தி சிட்டிசன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்'. முதலில் 'வீ', உடனே ஒரு காற்புள்ளி, பிறகு அந்த 'வீ' யார் என்ற விளக்கம். 1966ல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் இதன் வரைவை எழுதினார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், நம் கணக்கெடுப்பு முறைப்படி 'இந்தியன்' பெட்டிக்குள் வரக்கூடியவர். அவர் எழுதிய வரியில் பெட்டி எதுவும் இல்லை, 'ஒன் யுனைடெட் பீப்பிள்' என்றுதான் இருக்கிறது. இங்கே 'பீப்பிள்' ஒருமை என்பதைக் கவனியுங்கள். அது 'ஆட்கள்' அல்ல, ஒரே மக்கள்.

தமிழில் உறுதிமொழி 'சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம்' என்று தொடங்கும். காற்புள்ளியின் வேலையை 'ஆகிய' பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. 'வீ' என்றால் கேட்பவரையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று தெரியாது. தமிழில் 'நாங்கள்' என்றால் நீங்கள் வெளியே, 'நாம்' என்றால் நீங்களும் உள்ளே. மொழிபெயர்த்தவர் 'நாங்கள்' என்று போட்டிருந்தால் யாரிடமோ மனுக் கொடுப்பதுபோல் இருந்திருக்கும்.

என் அறிவிப்புக்கு வருகிறேன். முதல் வட்டத்துக்குப் பிறகு 'சீனியர்ஸ்' என்று மாற்றி ஒட்டினேன். சார் வட்டம் போடவில்லை, ஆனால் மனம் ஆறவில்லை. "நான் முன்னோடித் தலைமுறை, எங்க வீட்டம்மா மெர்டேக்கா தலைமுறை. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு கூட்டம். நீ யாரைக் கூப்பிடுற?" என்றார். பிறந்த ஆண்டைப் பார்த்து அரசு வைத்த பெயர்கள் இவை. 1949 முடிவதற்குள் பிறந்தவர் என்பதால் அவர் முதலாவதில். அந்த அம்மா 1950 முதல் 1959 வரையிலான ஆண்டுகளில் பிறந்தவர் என்பதால் இரண்டாவதில். சரி, பெயரே வேண்டாம், வயதைச் சொல்லிவிடுவோம் என்று மூன்றாவது தாளில் 'எவ்ரிவன் அபவ் 65' என்று எழுதி ஒட்டினேன்.

மறுநாள் காலை 'அபவ்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் சின்ன எழுத்தில், தமிழில்: 'எங்க வீட்டம்மாவுக்கு இந்த மாசம்தான் 65. வரலாமா, கூடாதா?'